பந்தய முறையை ஆட்டத்தின் நடுவில் மாற்றுவது எப்படி? ரூலெட் மேசைக்கு முன் போட வேண்டிய கணக்கு

மார்ட்டிங்கேல் என்ற பந்தய முறையில் (இந்த முறைகளின் விளக்கம் படி 3-இல்) தொடங்கி, நான்கு தடவை தோற்றதும் டாலம்பேருக்கு மாறி, கொஞ்சம் ஜெயித்ததும் பரோலிக்குத் தாவுகிறவர்களைக் கேசினோ மேசைகளில் நிறையப் பார்க்கலாம். மாறுவதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலோர் விட்டதைப் பிடிப்பதற்காக மாறுகிறார்கள். அதற்கு எந்த முறையும் உதவாது. முறையை மாற்றினால் ஏற்ற இறக்கத்தின் உயரம் மாறும், அவ்வளவுதான். ஆட்டம் உங்களிடமிருந்து சராசரியாக எடுத்துக்கொள்ளும் தொகை, மேசையில் நீங்கள் வைத்த மொத்தப் பணத்தைப் பொறுத்தது. இதை நம்பச் சொல்லவில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

படி 1: முதலில் மேசையைப் பாருங்கள்

ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள்: 1 முதல் 36 வரையும், ஒரு பூஜ்ஜியமும். சிவப்பில் 18, கறுப்பில் 18. சிவப்பில் 1 வைத்து ஜெயித்தால் 1 கிடைக்கும். 37 சுற்றுகளில் எல்லா எண்ணும் ஒருமுறை வந்தால், 18 முறை ஜெயித்து 19 முறை தோற்பீர்கள். போட்ட 37-இல் 1 போகிறது. அதாவது 2.70 சதவீதம். இதுதான் கேசினோவின் சாதகம்.

இரட்டைப் பூஜ்ஜியமும் சேர்ந்த அமெரிக்கச் சக்கரத்தில் 38 எண்கள். அங்கே இது 5.26 சதவீதம். சில மேசைகளில் பூஜ்ஜியம் விழுந்தால் சிவப்பு, கறுப்பு போன்ற சமப் பந்தயங்களில் பாதியைத் திருப்பித் தருவார்கள். அந்த மேசையில் சமப் பந்தயங்களுக்கு வெறும் 1.35 சதவீதம். பந்தய முறையை எத்தனை தடவை மாற்றினாலும் கிடைக்காத சேமிப்பு, மேசையை ஒருமுறை மாற்றினாலே கிடைத்துவிடும். தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுவே.

படி 2: அலகை முடிவு செய்யுங்கள்

இழந்தாலும் வாழ்க்கைச் செலவில் கை வைக்காத ஒரு தொகையை ஒதுக்குங்கள். அதை 60 அல்லது 100 பாகங்களாகப் பிரித்தால் ஒரு பாகம்தான் உங்கள் அலகு. இனி எல்லாக் கணக்கும் அலகில்தான். நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: பந்தயம், முடிவு, கையிருப்பு, இதுவரை போட்ட மொத்தம். கடைசிப் பத்தியை யாரும் எழுதுவதில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

படி 3: மூன்று முறைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

மூன்றும் சமப் பந்தயத்துக்கானவை.

மார்ட்டிங்கேலில் தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்க வேண்டும். ஜெயித்தால் மீண்டும் 1 அலகு. டாலம்பேரில் தோற்றால் ஓர் அலகு கூட்ட வேண்டும், ஜெயித்தால் ஓர் அலகு குறைக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் டாலம்பேரின் பெயரால் இது வழங்கப்படுகிறது. பரோலி மார்ட்டிங்கேலுக்கு நேர் எதிர்: ஜெயித்தால் 1, 2, 4 என்று ஏற்றிக்கொண்டே போய், மூன்றாவது வெற்றியோடு 7 அலகு லாபத்தை எடுத்துக்கொண்டு 1-க்குத் திரும்ப வேண்டும். நடுவில் எங்கே தோற்றாலும் நஷ்டம் 1 அலகுதான்.

இவற்றோடு, எப்போதும் 1 அலகு மட்டுமே வைக்கும் சம அளவுப் பந்தயத்தையும் ஒரு முறையாகவே எண்ணுங்கள். மாறுவதற்குப் பெரும்பாலும் ஏற்ற இடம் அதுவே.

மார்ட்டிங்கேலிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்போம், ஏனென்றால் அதுதான் புதியவர்களை அதிகம் மயக்குகிறது. மேசையின் குறைந்தபட்சம் 1 அலகு, உச்சம் 100 அலகு என்று வையுங்கள். 1, 2, 4, 8, 16, 32, 64 என்று ஏழு பந்தயங்கள் போடலாம். எட்டாவது 128, மேசை அனுமதிக்காது. ஏழும் தோற்றால் இழப்பு 127 அலகு. தொடர்ந்து ஏழு தோல்விக்கான வாய்ப்பு 0.94 சதவீதம், ஏறக்குறைய 106 தொடர்களில் ஒன்று. ஆக, 105 தொடர்களில் தலா 1 அலகாகச் சேர்த்த 105-ம் அந்த ஒரு தொடரில் போய், அதற்கு மேலும் 22 அலகு கையைவிட்டுப் போகிறது. 100 அலகுகளோடு வந்தவரால் ஏழாவது பந்தயத்தை வைக்கவே முடியாது என்பதையும் கவனியுங்கள்.

படி 4: மாற்றத்தைத் தாளில் ஒத்திகை பாருங்கள்

மார்ட்டிங்கேலில் 1, 2, 4, 8 என்று நான்கும் தோற்றாயிற்று. தொடக்கத்தை 0 என்று வைத்தால் கையிருப்பு −15. இப்போது டாலம்பேருக்கு மாறுகிறீர்கள். எந்தப் பந்தயத்திலிருந்து தொடங்குவது? ‘15-ஐ மீட்க வேண்டுமே’ என்று மனம் 8-இலிருந்து தொடங்கச் சொல்லும். இரண்டையும் போட்டுப் பார்ப்போம். அடுத்த ஆறு முடிவுகள்: தோல்வி, வெற்றி, தோல்வி, தோல்வி, வெற்றி, வெற்றி.

8-இலிருந்து தொடங்கினால் பந்தயங்கள் 8, 9, 8, 9, 10, 9. கையிருப்பு −23, −14, −22, −31, −21, −12 என்று போகும்.

1-இலிருந்து தொடங்கினால் பந்தயங்கள் 1, 2, 1, 2, 3, 2. கையிருப்பு −16, −14, −15, −17, −14, −12.

இருவரும் −12-இல்தான் வந்து நிற்கிறார்கள்! முதலாமவர் 53 அலகுகளை மேசையில் வைத்து, நடுவில் −31 வரை இறங்கி வந்திருக்கிறார். இரண்டாமவர் வைத்தது 11 அலகுதான். −17-க்குக் கீழே போகவே இல்லை. வெற்றியும் தோல்வியும் சமமாக வந்தால், பந்தயம் 1 அலகில் முட்டி நிற்காதவரை, டாலம்பேர் ஒவ்வொரு சோடிக்கும் ஓர் அலகுதான் தரும், எங்கிருந்து தொடங்கினாலும். வெற்றி கூடுதலாக வந்திருந்தால் 8-இல் தொடங்கியவர் அதிகம் அள்ளியிருப்பார். தோல்வி கூடியிருந்தால் அவர்தான் அதிகம் இழந்திருப்பார். சராசரிச் செலவு, போட்ட மொத்தத்தில் 2.70 சதவீதம்: அவருக்கு 1.43 அலகு, இவருக்கு 0.30.

இந்தக் கணக்கை வேறு வேறு முடிவுகளோடு நீங்களே போட்டுப் பழகுங்கள். நாணயத்தைச் சுண்டி வெற்றி தோல்வியை முடிவு செய்தால் போதும். நாணயத்தில் பூஜ்ஜியம் கிடையாது என்பதால் உண்மையான மேசை இதைவிடச் சற்றுக் கடுமையாகவே இருக்கும்.

படி 5: மாறும் விதியை முன்பே எழுதுங்கள்

உட்காரும் முன் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: எப்போது, எந்த முறைக்கு, எத்தனை அலகிலிருந்து. உதாரணமாக, ‘மார்ட்டிங்கேலில் நான்கு தோல்வி வந்தால், 1 அலகுச் சம அளவுப் பந்தயத்துக்கு மாறுவேன்.’ அல்லது, ‘பரோலியில் ஒரு சுற்று முழுதாக ஜெயித்தால், மீதி நேரம் 1 அலகு மட்டுமே.’ புதிய முறை எப்போதும் 1 அலகில் தொடங்க வேண்டும். பழைய நஷ்டத்தைப் புதிய முறையின் தலையில் கட்டாதீர்கள். ஓர் அமர்வில் ஒரு மாற்றம் போதும். எண்களை எழுதி அடித்துக்கொண்டே போகும் லபுஷேர் முறையிலிருந்து வெளியேறுகிறவர்கள், மிச்சமிருக்கும் எண்களையும் கோடு போட்டு அடித்துவிடுங்கள். அந்தப் பட்டியல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் கை தானாக ஏறும்.

மாறுவதற்குக் காரணமாக ஒருபோதும் எழுதக் கூடாதது ஒன்று உண்டு: ‘கறுப்பு இத்தனை முறை வந்துவிட்டது, இனி சிவப்புதான்.’ 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்ததாகப் பதிவாகியிருக்கிறது. சிவப்பு வந்தே தீரும் என்று பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். 25 கறுப்புக்குப் பிறகும் அடுத்த சுற்றில் சிவப்புக்கான வாய்ப்பு 37-இல் 18-தான். சக்கரத்துக்கு நினைவு கிடையாது.

படி 6: வேறு மேசைக்குப் போனால்

பாக்கரட் சீட்டாட்டத்தில் பேங்கர், பிளேயர் என்ற இரு பக்கங்களில் ஒன்றின் மேல் பந்தயம் கட்டலாம். பேங்கர் பந்தயத்தில் கேசினோவின் சாதகம் 1.06 சதவீதம், பிளேயரில் 1.24. ஆனால் பேங்கர் வெற்றியில் வழக்கமாக 5 சதவீதக் கமிஷன் பிடிப்பார்கள் என்பதால், அங்கே இரட்டிப்பாக்கிப் போனால், தொடர்ந்து ஐந்து தோல்விக்குப் பிறகு ஒரு வெற்றி வந்தாலும் பழைய நஷ்டம் முழுதாகத் திரும்பாது. இரு பக்கமும் சமமாக முடியும் என்று கட்டும் டை பந்தயத்தின் பக்கமே போகாதீர்கள். அதில் கேசினோவின் சாதகம் வழக்கமாக 14 சதவீதத்துக்கும் மேல்.

பிளாக்ஜாக்கில் வேறு சிக்கல். நல்ல சீட்டு வந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்கவோ, சோடியைப் பிரித்து ஆடவோ கூடுதல் பணம் வேண்டும். 32 அலகு வைத்துவிட்டு அடுத்த 32 இல்லாமல் திணறினால், அந்த ஆட்டம் தரும் சலுகையை நீங்களே கைவிடுகிறீர்கள். அங்கே முறை மாற்றத்தைவிட, எந்தச் சீட்டுக்கு என்ன செய்வது என்ற அடிப்படை அட்டவணையைக் கற்பதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

படி 7: நோட்டை மூடும் இடம்

ஒதுக்கிய தொகை தீர்ந்தால், அல்லது குறித்த நேரம் முடிந்தால், எழுந்துவிடுங்கள். எழுதிய விதியை ஓர் அமர்வில் மீறிவிட்டால், அடுத்த முறை பணமில்லாமல் தாளில் மட்டும் ஆடுங்கள். மறுபடியும் மறுபடியும் மீறத் தோன்றினாலோ, ஒதுக்காத பணத்தைத் தொடத் தோன்றினாலோ, பந்தய முறையை மாற்றிப் பயனில்லை. தன்னை உள்ளே விட வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுக்கும் வசதி பல கேசினோக்களில் இருக்கிறது. வரவேற்பு மேசையில் அதற்கான படிவத்தைக் கேளுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது அன்றே சொல்லிவிடுங்கள்.