கைக்குழந்தைக்கு வாசித்துக் காட்டப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் புத்தகம் வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் அகரவரிசைப் புத்தகத்தைத்தான் எடுக்கிறார்கள். நல்ல புத்தகம்தான், ஆனால் அதற்கு இன்னும் மூன்று வருடமாவது இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எழுத்து வேண்டாம், நீதி வேண்டாம், கதைகூட அவ்வளவாக வேண்டாம். அதற்கு வேண்டியது உங்கள் குரல். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் உங்கள் குரல் துள்ளுகிறதோ, அதை வாங்குங்கள்.

இதை நான் வெறும் ஆசையில் சொல்லவில்லை. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்பிணிகள் கடைசி ஆறு வாரங்களில் ஒரே கதையைத் தினமும் வாய்விட்டு வாசித்தார்கள். பிறந்த சில நாட்களில் குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒருவிதமாகச் சப்பினால் அந்தக் கதையின் ஒலிப்பதிவும் வேறுவிதமாகச் சப்பினால் வேறொரு கதையும் கேட்கும்படி வைத்துச் சோதித்தபோது, அவை சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டு அந்தக் கதையையே கேட்க விரும்பின. வேறொரு பெண் அதை வாசித்தபோதும் அப்படித்தான். பொருள் புரிந்திருக்க வழியில்லை. குழந்தைகளின் நினைவில் நின்றது வாசிப்பின் ஏற்ற இறக்கமும் தாளமும்தான். கீழே உள்ள படிகள் எல்லாமே இதிலிருந்து பிறந்தவை.

படி 1: குழந்தை இப்போது என்ன செய்கிறது என்று பாருங்கள்

அட்டையில் "0–3 வயது" என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். இந்த வயதில் இரண்டு மாத வித்தியாசமே பெரிய வித்தியாசம். பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஐந்தாம் மாதத்தில் கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி என்று குழந்தையின் உடம்பைக் கவனித்தே பருவம் பிரித்தார்கள். புத்தகத்தையும் அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் உங்கள் முகத்துக்கும் உள்ள தூரம் அது. வெளிர் நிறங்களில் குழைத்து வரைந்த அழகான படங்கள் பெரியவர்களின் கண்ணுக்குத்தான். குழந்தைக்குக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக வரைந்த வட்டம், கோடு, முகம் போதும். வாசிப்பதற்கு என்னவாகவும் இருக்கலாம், உங்களுக்குப் பிடித்த கவிதைத் தொகுப்புகூட.

நான்கைந்து மாதத்தில் கை நீளும், எட்டியதெல்லாம் வாய்க்குப் போகும். இனி கெட்டி அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோதான் தாங்கும். ஒன்பது மாதத்தை ஒட்டி விரல் நீட்டிக் காட்டவும், அட்டைப் பக்கங்களைத் தானே புரட்டவும் தொடங்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி என்று இருக்கும் புத்தகம் இப்போது பலன் தரும். கதை என்று ஒன்று தேவைப்படுவது நடை பழகிய பிறகுதான்.

படி 2: கடையிலேயே வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். கண்ணால் படிப்பது போதாது. சென்னைப் புத்தகக் காட்சியின் நெரிசலில் நின்றாலும் சரி, இரண்டு பக்கத்தையாவது காதில் விழும்படி வாசியுங்கள். தமிழில் குழந்தைப் புத்தகங்கள் பல மொழிபெயர்ப்பாக வருகின்றன. படம் அருமையாக இருக்கும், வரி நாக்கில் தடுக்கும். இப்படி ஒரு வரி என்று வையுங்கள்:

"யானை தன்னுடைய தும்பிக்கையின் உதவியுடன் மிகவும் மகிழ்ச்சியாகக் குளித்துக்கொண்டிருக்கிறது."

இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதைப் பத்தாம் முறை வாசிக்கும்போது உங்கள் குரல் தட்டையாகிவிடும், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதையே இப்படி எழுதியிருந்தால்:

"ஆனை வந்தது, திமுதிமு. குளத்தில் இறங்கியது, தொபுக்கடீர். தண்ணீர் தெறித்தது, சளசள."

மூச்சு தானாகவே நின்று நின்று போகிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரலை உயர்த்த, தாழ்த்த, குழந்தையின் வயிற்றில் விரலால் தட்ட ஓர் இடம் கிடைக்கிறது. கடகட, சலசல, மினுமினு போன்ற இரட்டைக்கிளவிகள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தும் புத்தகத்தைக் கண்டால் யோசிக்காமல் எடுங்கள். எதுகை மோனையோடு அமைந்த குழந்தைப் பாடல்களும் இதே காரணத்துக்காக நல்ல தேர்வு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அழ. வள்ளியப்பா வழியில் வந்த பாடல்களை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை, வாயில் தானாக வந்து அமரும்.

இங்கே ஒரு சந்தேகம் பலருக்கும் வரும். புத்தகத்தில் "குளிக்கிறது" என்று இருக்கிறது, வீட்டில் நாம் "குளிக்குது" என்கிறோம், எப்படி வாசிப்பது? பாட்டாகவோ சந்தமாகவோ இருந்தால் அச்சில் உள்ளபடியே வாசியுங்கள், மாற்றினால் தாளம் உடையும். உரைநடையாக இருந்தால் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். திருநெல்வேலிப் பேச்சானாலும் யாழ்ப்பாணப் பேச்சானாலும் குழந்தைக்கு அதுதான் தாய்மொழி.

படி 3: படத்தில் குழந்தையின் உலகம் இருக்கிறதா?

பனிமனிதனும் வைக்கோல் அடைந்த மேல்நாட்டுக் கொட்டகையும் நிறைந்த இறக்குமதிப் புத்தகங்கள் கடைகளில் குவிந்திருக்கின்றன. அவை மோசமில்லை. ஆனால் விரல் நீட்டத் தொடங்கிய குழந்தை புத்தகத்தில் காகத்தைப் பார்த்து, பிறகு ஜன்னலில் காகத்தைப் பார்க்கும்போது அதன் முகம் மலர்வதைக் கவனித்துப் பாருங்கள். ஆட்டோ, வாழைப்பழம், பல்லி, மின்விசிறி, குடம், பாட்டியின் கண்ணாடி: இவை இருக்கும் புத்தகத்தை முதலில் வாங்குங்கள். பனிமனிதன் பிறகு வரட்டும். குழந்தைகளின் முகங்கள் மட்டுமே உள்ள படப் புத்தகம் கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

படி 4: கையால் சோதியுங்கள்

துணிக்கடையில் சேலையைக் கசக்கிப் பார்ப்பதுபோல் புத்தகத்தையும் பாருங்கள். மூலைகள் உருண்டையாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் மூலையை அழுத்தினால் அட்டையின் அடுக்குகள் பிரியக் கூடாது. நடுவில் பின் அடித்த புத்தகம் உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும், குழந்தையின் கைக்குப் போகவே கூடாது. ஒட்டிய பொட்டு, ஜிகினா, பிய்த்தால் வரும் கண் எதுவும் வேண்டாம்.

அழுத்தினால் ஒலி எழுப்பும் புத்தகங்களை நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே பெரும்பாலும் பட்டன் பேட்டரி இருக்கும், அதை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். யாராவது பரிசாகக் கொடுத்திருந்தால் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

படி 5: எங்கே தேடலாம்

சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்களை வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் விலை குறைவு. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பதிவிறக்கலாம், அச்சிட்டுக்கொள்ளவும் உரிமம் இடம் தருகிறது. முதல் நிலைக் கதைகளில் வரிகள் மிகக் குறைவு, அதிலிருந்து தொடங்குங்கள். நான்கைந்து பக்கங்களை வண்ணத்தில் அச்சிட்டு, லேமினேஷன் செய்து, கூரான மூலைகளை வெட்டி உருட்டிவிட்டால் நல்ல புத்தகம் தயார். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. வாங்கும் முன் அங்கே புரட்டிப் பார்க்கலாம்.

கதையை இறக்கிய கைபேசியையே குழந்தைக்குக் காட்ட வேண்டாம். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் பட்ரீஷியா கூலின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு வலுச் சேர்க்கிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியில் நேரில் புத்தகம் வாசித்து, பொம்மை காட்டி விளையாடியபோது அந்த மொழியின் ஒலிகளை அவர்கள் பிரித்தறியக் கற்றார்கள். அதையே வீடியோவில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை.

படி 6: ஐந்து புத்தகம் வாங்கி நிறுத்துங்கள்

இருபது வாங்கி அடுக்கினால் எதுவும் பழகாது. ஐந்தே ஐந்து, அதில் இரண்டு பாட்டுப் புத்தகம். கைக்கு எட்டும் கூடையில் போட்டுவையுங்கள். பால் குடித்து, தூக்கம் கலைந்து தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒன்றை எடுங்கள். அப்பாவும் தாத்தாவும் வாசிக்கட்டும், ஒரே புத்தகம் வேறு குரலில் வேறு புத்தகமாகிவிடும். குழந்தை பக்கத்தை மூடினால் அன்றைக்கு அவ்வளவுதான், வற்புறுத்த வேண்டாம்.

சில வாரங்களில் ஒரு புத்தகத்தைக் குழந்தையே தேடி எடுக்கும், அதன் அட்டையைப் பார்த்ததும் காலை உதைக்கும். அப்போது அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை வாங்கிப் பரணில் வைத்துவிடுங்கள். முதல் பிரதி எப்படியும் மென்று தீர்ந்துவிடும், தமிழில் குழந்தைப் புத்தகங்கள் மறுபதிப்பு வரும் என்று நம்பியிருக்க முடியாது.