லேக் ட்ரவுட் பிடிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ரொறன்ரோவிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் சிம்கோ ஏரி. கோடை வந்தால் புதிதாகத் தூண்டில் வாங்கிய நம்மவர்கள் பலரை அங்கே பார்க்கலாம். லைசென்ஸ், முடிச்சு பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ஆகஸ்டில் கரையோரம் தேடுவது

லேக் ட்ரவுட் என்ற இந்த ஏரி மீனுக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த தண்ணீர் வேண்டும். பனி உருகிய கையோடு கரைப்பக்கம் வரும். மேல்தண்ணீர் சூடானதும் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஏரியின் கெம்பன்ஃபெல்ட் குடாவில் 40 மீட்டர் ஆழம் உண்டு.

ஊசியால் குத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். 30 மீட்டரிலிருந்து மேலே வரும்போது அழுத்தம் குறைந்து மீனின் காற்றுப்பை உப்பும். தண்ணீரில் விட்டால் மல்லாந்து மிதக்கும். போன கோடையில் பக்கத்துப் படகில் ஒரு இளைஞர், ஏதோ வீடியோவில் பார்த்தாராம், காற்றை வெளியேற்ற விலாவில் ஊசியைச் செருகினார். அப்புறம் போட்டோ. மீன் பிழைக்கவில்லை.

பாஸ், பெர்ச் மீன்களின் காற்றுப்பைக்கு வெளிவழி கிடையாது. லேக் ட்ரவுட்டுக்கு அங்கிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் போகிறது, காற்றைத் தானே வெளியேற்றும். நிதானமாக இழுத்தால், மீன் கண்ணில் படுவதற்கு முன்பே தங்கூசி (தூண்டில் நூல்) ஓரமாகக் குமிழிகள் பொங்கி வரும். அப்படியும் உப்பியிருந்தால், தண்ணீருக்குள்ளேயே வைத்து, வயிற்றை வால்பக்கமிருந்து தலைப்பக்கமாக மெல்லத் தடவிவிடுங்கள். பிறகு தலைகீழாக ஆழத்தை நோக்கித் தள்ளிவிடுங்கள்.

காற்று போனாலும் சூடு இருக்கிறது. ஆகஸ்டில் மேல்தண்ணீர் 20 டிகிரிக்கு மேல். அங்கே வைத்துக்கொண்டு படம் எடுக்கும் ஒவ்வொரு நொடியும் மீனுக்குக் கேடு. பிடித்துத் திரும்ப ஏரியில் விடுவதற்கென்றே அந்த மாதம் போகாதீர்கள். அனுமதித்த அளவுக்குள், சாப்பிட எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

இந்த ஏரியில் ஒரு மீன் சாவது சாதாரண இழப்பல்ல. வயலிலிருந்தும் ஊரிலிருந்தும் வந்த பாஸ்பரஸால் பாசி பெருகி, அது அழுகி, அடியாழத்து ஆக்ஸிஜனைத் தின்றது. குஞ்சுகள் தப்பாமல் போக, பண்ணைக் குஞ்சுகளை ஏரியில் விட்டுத்தான் இனத்தைக் காப்பாற்றினார்கள். ஆழத்தில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும் என்பது 2009 பாதுகாப்புத் திட்டத்தின் இலக்கு. பண்ணை மீனுக்கு ஒரு துடுப்பை நறுக்கி அடையாளம் வைப்பார்கள். துடுப்பெல்லாம் முழுசாக இருந்தால் அநேகமாக ஏரியிலேயே பிறந்தது.

செவுளில் விரல் விட்டுத் தூக்குவது

கூடாது.

பெரிய மீனே நல்லது என்று சமைப்பது

பல பத்தாண்டுகள் வாழும், மற்ற மீன்களைத் தின்னும் மீன் இது, வயதாக ஆகப் பாதரசம் சேரும். சிறியதைச் சமையுங்கள். ஒன்ராறியோ அரசின் வழிகாட்டியில் ஏரியையும் மீனின் நீளத்தையும் வைத்து எவ்வளவு சாப்பிடலாம் என்று பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதில் தனி அளவு இருக்கிறது.