சம்பள பாக்கி நிற்கும்போது காற்பந்து ஆட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கிளப் ஒன்றில் காற்பந்து ஆடும் என் அக்கா மகனுக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனது. முதலில் அவன் யாரிடமும் சொல்லாமல் இருந்தான். பிறகு ஒரு நாள் கோபம் தாங்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டுமே தவறு. அதிகம் இழக்க வைத்தது இரண்டாவதுதான்.

பயிற்சிக்குப் போகாமல் நின்றவுடன் கிளப் கடிதம் எழுதியது: ஒப்பந்தத்தை மீறியவன் நீ. பணம் தராதவர்கள் குற்றம்சாட்டும் இடத்தில் அமர்ந்துகொண்டார்கள். உழைத்தவன் பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டான். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

விலக வேண்டுமானால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஃபிஃபாவின் ஆட்டக்காரர் விதிகளில் 2018இல் சேர்க்கப்பட்ட 14 பிஸ் (14bis) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய நாளில் தரப்படாவிட்டால், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசமும் தர வேண்டும். அதற்குள்ளும் பணம் வராவிட்டால் ஆட்டக்காரர் நியாயமான காரணத்துடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அந்த 15 நாளும் பயிற்சிக்குப் போக வேண்டும், ஆட வேண்டும். மனம் ஒப்பாது, ஆனாலும் போக வேண்டும். உள்நாட்டு ஒப்பந்தங்களில் நாள் கணக்கு வேறாக எழுதப்பட்டிருக்கலாம் என்பதால், கையெழுத்திட்ட தாளையே முதலில் படியுங்கள்.

“மாமா, நிர்வாகி நல்ல மனிதர், அடுத்த வாரம் தந்துவிடுகிறேன் என்றார்” என்று அவன் எத்தனை முறை சொன்னான்! நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவர் வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கியிருக்கலாம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளச் சீட்டுகளை மட்டும் மைலோ டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். படித்த பேரனிடம் ஒப்பந்தத்தின் நகல்கூட இல்லை. கையெழுத்துப் போட்டவுடன் கிளப் அலுவலகம் தாளை வைத்துக்கொண்டது, இவனும் கேட்கவில்லை.

அந்த நகல் இருந்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும்: முதலாளி யார் என்பது. மாநிலக் காற்பந்துச் சங்கங்களின் அணிகள் 2021 பருவத்தையொட்டித் தனி நிறுவனங்களாக மாறின. பழைய கடன் யாருடையது, புதிய ஒப்பந்தம் யாருடன் என்பதில் பலருக்குக் குழப்பம். நோட்டீஸ் தவறான பெயருக்குப் போனால் ‘எங்களுக்கு வரவில்லை’ என்று சொல்ல வழி பிறக்கும். ஒப்பந்தத்திலுள்ள நிறுவனப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதி, அதில் குறித்த முகவரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

ஊழியர் சேமநிதியைக் கவனிக்காமல் விடுவதும் பரவலான தவறு. சந்தா கட்டப்பட்டதா என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். சம்பளம் தாமதமாவதற்கு முன்பே சந்தா நின்றிருந்தால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

‘கிளப் மூழ்கிவிடும், பொறுத்துக்கொள்’ என்பார்கள். ஆட்டக்காரர் பொறுத்துக்கொண்டால் கிளப் பிழைக்கும் என்று எண்ண வேண்டாம். சம்பள பாக்கியைத் தீர்க்காத மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் மலேசியாவின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் 2023இல் ஆட உரிமம் கிடைக்கவில்லை. அங்கே காத்திருந்த ஆட்டக்காரர்கள் சம்பளத்தோடு ஆடும் இடத்தையும் இழந்தார்கள்.

எங்கே முறையிடுவது? வெளிநாட்டு ஆட்டக்காரருக்கும் மலேசிய கிளப்புக்கும் இடையிலான வழக்கு ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்தால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளூர்க்காரர் உள்நாட்டு அமைப்பில்தான் தொடங்க வேண்டும். மலேசிய நிபுணத்துவக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கத்தை முதல் மாதமே அணுகுங்கள், மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, பாதிப் பணத்தோடு வரும் காகிதம். தீபாவளிக்குச் சில நாள் முன்பு இவனைக் கூப்பிட்டு, ஒரு மாதச் சம்பளத்தை மேசையில் வைத்து, மலாய் மொழியில் ஒரு தாளை நீட்டினார்கள். அதில் ‘பெனுஹ் டான் முக்தமாட்’ என்று இருந்தது. முழுமையான, இறுதியான தீர்வு என்று பொருள். கையெழுத்திட்டிருந்தால் மற்ற இரண்டு மாதமும் போயிருக்கும். நல்லவேளை, என்னைத் தொலைபேசியில் அழைத்தான். அந்தச் சொற்களைக் கோடிட்டு அடிக்கச் சொன்னேன். “ஒரு மாதச் சம்பளம் மட்டும் பெற்றுக்கொண்டேன், இரண்டு மாதம் பாக்கி” என்று தேதியோடு எழுதச் சொன்னேன். அரை மணி நேரம் முணுமுணுத்துவிட்டு அவர்களும் கையெழுத்திட்டார்கள். இப்போது வழக்கில் எங்களிடம் இருக்கும் வலுவான சான்று அந்த ஒரு தாள்தான்.