எட்டு நாள், மூன்று நகரம்: நண்பர்களோடு இத்தாலி போக ஒரு திட்டம்

ஐரோப்பாவில் படிப்பவர்களுக்கு மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஒரு வார விடுமுறை வரும். நாலு நண்பர்கள் சேர்ந்து இத்தாலி போவதென்று முடிவானதும் பட்டியல் நீள ஆரம்பிக்கும்: மிலன், வெனிஸ், புளோரன்ஸ், பீசா, ரோம், நேப்பிள்ஸ். அதில் பாதியை அடித்துவிடுங்கள். நகரம் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். மூட்டை கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, புது ஊரில் மதியம் மூன்று மணிவரை அறைக்காகக் காத்திருக்க வேண்டும். எட்டு நாளுக்கு மூன்று நகரம் என்பதுதான் சரியான கணக்கு.

எங்கள் பரிந்துரை: வெனிஸில் இரண்டு இரவு, புளோரன்ஸில் இரண்டு இரவு, ரோமில் மூன்று இரவு. வெனிஸில் விமானம் இறங்கி, ரோமிலிருந்து திரும்புங்கள். போக வர ஒரே ஊருக்கு டிக்கெட் எடுத்தால் கொஞ்சம் மலிவாகத் தெரியும். ஆனால் கடைசி நாளில் ரோமிலிருந்து வெனிஸுக்கு நாலு மணி நேரம் ரயிலில் திரும்ப வேண்டும், அதற்குத் தனியாகக் காசும் தர வேண்டும். மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை வெனிஸில் இறங்குங்கள். செவ்வாய் காலை புளோரன்ஸ், வியாழன் காலை ரோம், அடுத்த ஞாயிறு விமானம். காரணம் இருக்கிறது. புளோரன்ஸின் உஃபீஸி, அக்காதேமியா இரண்டு அருங்காட்சியகங்களும் திங்களன்று மூடியிருக்கும். வாட்டிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். இந்த வரிசையில் போனால் இரண்டிலும் மாட்டமாட்டீர்கள். ஈஸ்டர் எப்போது வருகிறது என்றும் பாருங்கள்: 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. அதற்கு முந்தைய வாரம் ரோமில் கூட்டம் நெரியும், படுக்கை விலையும் ஏறும். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள் நாடு முழுக்க விடுமுறை. இன்னொன்று: மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். அன்று காலை ரயிலோ விமானமோ இருந்தால் முந்தின இரவே நினைவில் வையுங்கள்.

ஆவணங்கள்

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் பாஸ்போர்ட்டின் அசலை எடுத்துப் போக வேண்டும். ஷெங்கன் நாடொன்றில் (எல்லைச் சோதனையின்றி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றில்) படிப்பவர்கள் கூடவே அந்த நாட்டின் வசிப்பு அட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலோ அயர்லாந்திலோ படிப்பவர்களுக்கு அங்கே உள்ள மாணவர் விசா இத்தாலிக்குச் செல்லாது, விசா தேவைப்படும் நாட்டவர் என்றால் ஷெங்கன் விசா தனியாக வேண்டும். அதற்கு நேர்காணல் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள். குறைந்த கட்டண விமானங்கள் சிலவற்றில், ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பாஸ்போர்ட்காரர்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன் கவுன்டரில் ஆவணத்தைக் காட்டியாக வேண்டும். கூட வரும் ஐரோப்பிய நண்பர் நேராக உள்ளே போகிறாரே என்று பின்னாலேயே போனால் கேட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இத்தாலியில் எந்த விடுதியும் தங்குபவர் விவரத்தைக் காவல்துறைக்கு அனுப்பியாக வேண்டும். அதனால் போனில் இருக்கும் நகலைக் காட்டிச் சமாளிக்க முடியாது. நகர வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். முன்பதிவில் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது. பல இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள்.

ரயில்

இரண்டு வகை ரயில், இரண்டு விதமான சட்டம். இதைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அதிவேக ரயிலை ட்ரெனிதாலியா, இதாலோ என்று இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. வெனிஸ்–புளோரன்ஸ் சுமார் இரண்டேகால் மணி நேரம், புளோரன்ஸ்–ரோம் ஒன்றரை மணி நேரம். இருக்கை எண் உண்டு. விலை விமானம் போல நாள் நெருங்க நெருங்க ஏறும். ஆறு வாரம் முன்னால் 20 யூரோ சுற்றில் கிடைப்பது, கடைசி நாளில் 50ஐத் தாண்டிவிடும். இரண்டு நிறுவனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மிக மலிவான டிக்கெட்டை மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. எனவே காலை ஏழு மணி ரயில் எடுத்து எல்லோரும் எழுந்துவிடுவோம் என்று நம்பாதீர்கள். பத்து மணி ரயில் எடுங்கள்.

ரெஜியொனாலே எனப்படும் உள்ளூர் ரயிலில் விலை எப்போதும் ஒன்றுதான், முன்பதிவு வேண்டாம். புளோரன்ஸிலிருந்து ஒரு மணி நேரத்தில் பீசா போவது இதில்தான். இங்கே அபராதம் வாங்குவது எளிது. காகித டிக்கெட் எடுத்தால் பிளாட்பாரத்தின் முனையில் நிற்கும் சிறிய இயந்திரத்தில் அதைச் சொருகி முத்திரை பதிக்க வேண்டும். டிக்கெட்டை இடது பக்கம் தள்ளிப் பிடித்து உள்ளே அழுத்தினால் 'கிர்ர்' என்று சத்தம் வரும். வெளியே எடுத்து, தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மை தீர்ந்த இயந்திரங்களும் உண்டு, அப்படியானால் அடுத்ததுக்குப் போங்கள். போனில் எடுத்த டிக்கெட்டுக்கு, ஏறுவதற்கு முன் செக்-இன் பொத்தானைத் தட்ட வேண்டும். நாலு பேருக்கு ஒருவர் எடுத்திருந்தால் நாலு டிக்கெட்டுக்கும் செக்-இன் ஆனதா என்று பாருங்கள். பரிசோதகரிடம் 'தெரியாது' என்று சொல்லிப் பயனில்லை.

ஸ்டேஷன் பலகையில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். அதில் இருப்பது ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். புளோரன்ஸில் இறங்க வேண்டிய ரயிலுக்கு நேராக 'ரோமா' என்றோ 'நாப்போலி' என்றோ போட்டிருக்கும். டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணைப் பொருத்திப் பாருங்கள். 'பினாரியோ' என்றால் பிளாட்பாரம், 'ரிதார்தோ' என்றால் தாமதம், 'கரோட்ஸா' என்றால் பெட்டி. பிளாட்பார எண் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன்தான் வரும். கதவு புறப்படும் நேரத்துக்கு முன்னதாகவே மூடிவிடும்.

ஸ்டேஷன் பெயரிலும் சிக்கல் உண்டு. வெனிஸ் தீவுக்குள் இருப்பது சாந்தா லூச்சியா. வெனிஸ் மெஸ்த்ரே என்பது கடலுக்கு இந்தப்பக்கம், பத்து நிமிடத் தூரம். புளோரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா, ரோமில் தெர்மினி. டிக்கெட் எடுக்கும்போதே இவற்றைப் பாருங்கள்.

'ஷோப்பெரோ' என்ற சொல்லையும் மனதில் வையுங்கள்: வேலைநிறுத்தம். இத்தாலியில் இது முன்கூட்டியே அறிவித்து நடக்கும், வெள்ளிக்கிழமைகளில் அதிகம். போகும் வாரத்தின் தேதிகளை முன்பே தேடிப் பாருங்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு. அந்த நேரத்துக்குள் பயணத்தை அடக்கலாம்.

நுழைவுச் சீட்டு: வயதை நம்பி ஏமாறாதீர்கள்

கொலோசியம், உஃபீஸி போன்ற அரசு இடங்களில் 18 முதல் 25 வயதுவரை 2 யூரோ என்று போட்டிருக்கும். அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு முழுக் கட்டணம்தான்: கொலோசியம் 18 யூரோ, உஃபீஸி 25 யூரோ. சலுகைச் சீட்டு எடுத்துவிட்டு வாசலில் போய் நின்றால் திரும்பவும் காசு கட்ட வேண்டியிருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு, பலருக்குத் தெரியாது. ஒன்றிய நாட்டுப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, தொல்லியல், கலை வரலாறு போன்ற துறைகளில் படிப்பவர்களுக்கு, நடப்பாண்டுச் சேர்க்கைச் சான்றிதழைக் காட்டினால் அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். வாட்டிகன் தனி நாடு, தனிச் சட்டம். அங்கே 25 வயதுவரை மாணவர் அட்டைக்குச் சலுகை உண்டு, குடியுரிமை பார்ப்பதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு இடங்கள் எல்லோருக்கும் இலவசம். ஆனால் கொலோசியத்துக்கு அன்று போவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். வரிசையில் நிற்பதிலேயே காலை முடிந்துவிடும்.

கொலோசியம் சீட்டு 30 நாள் முன்னால்தான் விற்பனைக்கு வரும், சீட்டில் பெயர் இருக்கும், வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். செல்லப்பெயரில் எடுக்காதீர்கள். அதே சீட்டில் பக்கத்து இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பாலத்தீன் குன்றும் அடங்கும். புளோரன்ஸ் தேவாலயத்துக்குள் போக இலவசம். குவிமாடத்தில் ஏற 30 யூரோ பாஸ், நேரம் குறித்தது. 463 படி, லிஃப்ட் கிடையாது, மேலே போகப் போகச் சுவர் தோளை உரசும். இடுக்கில் பயப்படுபவர் குழுவில் இருந்தால் அவருக்கு எடுக்காதீர்கள். ஒரு நாளுக்கு ஒரே ஒரு நேரம் குறித்த சீட்டு போதும், இரண்டு வைத்தால் ஓட்டமாகிவிடும்.

ஊருக்குள்

வெனிஸ். சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப்பை போதும். பாலங்கள் எல்லாம் படிக்கட்டுதான். தீவில் படுக்கை விலை அதிகம், மெஸ்த்ரேயில் ஸ்டேஷன் பக்கமுள்ள விடுதிகள் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஏப்ரல் முதல் குறிப்பிட்ட நாட்களில், இரவு தங்காமல் பகலில் வந்துபோகும் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. மெஸ்த்ரே உட்பட வெனிஸ் நகராட்சிக்குள் தங்குபவர்களுக்கு அது இல்லை, ஆனாலும் இணையத்தில் பதிந்து விலக்குச் சீட்டு எடுத்திருக்க வேண்டும். படகுப் பேருந்தான வப்பொரெத்தோவில் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ. ஸ்டேஷனிலிருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்கு நடந்தே போகலாம், சுவர்களில் மஞ்சள் அம்புக்குறி வழி சொல்லும். ஒரே ஒரு முறை, வெயில் தாழும் நேரத்தில், முதலாம் எண் படகில் பெரிய கால்வாய் முழுக்கப் போய் வாருங்கள். அந்தக் காசு வீணாகாது. 29 வயதுவரை ரோலிங் வெனிஸ் அட்டை வாங்கினால் மூன்று நாள் படகுச் சீட்டு மலிவு. கொண்டோலா என்ற துடுப்புப் படகில் ஏறிப் பார்க்க ஆசை, காசு இல்லை என்றால் கால்வாயைக் குறுக்கே கடக்கும் த்ராகெத்தோவில் 2 யூரோவுக்குப் போகலாம். இரண்டு நிமிடத்தில் அக்கரை.

ரோமில் பேருந்து, மெட்ரோவுக்கு 1.50 யூரோ சீட்டு 100 நிமிடம் செல்லும், மெட்ரோவில் ஒரு முறைதான். கார்டைத் தட்டியும் போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்தால் அபராதம். வாட்டிகனில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பையில் ஒரு சால்வை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவோரம் நிற்கும் இரும்புக் குழாய்களில் குளிர்ந்த குடிநீர் நிற்காமல் ஓடும். மூக்கு போல வளைந்திருப்பதால் நஸோனே என்பார்கள். நுனியை விரலால் அடைத்தால் மேல்வளைவில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

சாப்பாடு

காபியை நின்றுகொண்டு குடியுங்கள். அதே காபிக்கு மேசையில் உட்கார்ந்தால், சதுக்கத்தைப் பார்த்த கடைகளில் இரண்டு மூன்று மடங்கு. மதியத்துக்கு எடைபோட்டு விற்கும் பீட்ஸா. கடைக்காரர் கத்தியைத் தட்டின்மேல் வைத்து 'இவ்வளவா?' என்று பார்ப்பார். கத்தியை உள்ளே நகர்த்தச் சொல்லிக் கையைக் காட்டலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். விலைப் பலகையில் 'எத்தோ' என்றால் 100 கிராம். அதைக் கிலோ விலை என்று நினைத்துவிட வேண்டாம். உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஓரிரு யூரோ பில்லில் வரும். அது ஏமாற்று இல்லை, டிப்ஸும் தனியாகத் தர வேண்டியதில்லை. இரவுச் சமையல் ஏழரைக்கு முன் பெரும்பாலும் தொடங்காது. சைவக்காரர்கள் மார்கரீத்தா அல்லது மரினாரா பீட்ஸா, பொமொதோரோ (தக்காளி) பாஸ்தா கேட்கலாம். கார்பொனாரா பாஸ்தாவில் பன்றி இறைச்சி, 'ராகு' என்ற இறைச்சிக் குழம்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. பார்மேசன் சீஸ் செய்ய கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கிறார்கள், அதைத் தவிர்ப்பவர்கள் சீஸ் இல்லாமல் கேளுங்கள்.

காசும் கூட்டாளிகளும்

நட்பில் விரிசல் விழுவது பெரும்பாலும் காசில்தான். கிளம்பும் முன்பே ஒரு நாள் உச்சவரம்பைப் பேசி வையுங்கள். ஒருவர் ரயில், ஒருவர் தங்குமிடம், ஒருவர் நுழைவுச் சீட்டு என்று பிரித்துக்கொண்டு, கணக்குப் பிரிக்கும் செயலியில் அன்றன்றைக்கே ஏற்றுங்கள். எல்லா டிக்கெட்டும் நாலு போனிலும் இருக்கட்டும். கடை இயந்திரமோ ஏடிஎம்மோ யூரோவிலா உங்கள் நாணயத்திலா என்று கேட்டால் யூரோ என்றே தட்டுங்கள், மற்றதில் மாற்று விகிதம் மோசம். மெட்ரோக் கதவில் யாராவது விடுபட்டால், ஏறியவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நிற்க வேண்டும், விடுபட்டவர் அடுத்த வண்டியில் வர வேண்டும். இதை முதல் நாளே பேசி வையுங்கள்.

ஜேப்படி அதிகம் நடப்பது தெர்மினியைச் சுற்றியும், அங்கிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்திலும், மெட்ரோவில் ஏறும் நொடியிலும். டிக்கெட் இயந்திரத்தில் உதவ வருகிறேன் என்பவரிடம் 'நோ' சொல்லிவிட்டு நகருங்கள். கையில் கயிறு கட்ட வருபவரிடம் கையை நீட்டாதீர்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் 'தெனுன்ச்சா' என்ற புகார்ப் பதிவை எழுதி வாங்குங்கள், தூதரகமும் காப்பீடும் அதைத்தான் கேட்கும். அவசர எண் 112.

திரும்பும் நாள், உங்கள் விமானம் ஃபியுமிச்சினோவிலிருந்தா சாம்பினோவிலிருந்தா என்று முந்தின இரவே பாருங்கள், இரண்டும் வெவ்வேறு திசை. தெர்மினியிலிருந்து ஃபியுமிச்சினோவுக்கு லியொனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம், 14 யூரோ. த்ராஸ்தெவெரே பக்கம் தங்கியிருந்தால் உள்ளூர் ரயிலில் 8 யூரோ போதும். அது காகிதச் சீட்டாக இருந்தால் அதையும் முத்திரை பதிக்க மறக்காதீர்கள்.