பின்சக்கரத்தில் கம்பி ஒடிந்தால்

சுமை ஏற்றிய டூரிங் (நெடும்பயண) சைக்கிளில் பெரும்பாலும் ஒடிவது பின்சக்கரத்தின் வலப்பக்க ஸ்போக்ஸ் கம்பிதான், அதுவும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் வளையும் இடத்தில். திண்டிவனம் தாண்டி எனக்கும் அப்படித்தான். ரிம் இடப்பக்கம் இழுத்து பிரேக் கட்டையில் உரசியது. ஒடிந்த கம்பியின் இருபக்கமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளின் நிப்பிளை (கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டு) அரைச் சுற்று தளர்த்தி, பின்பிரேக்கைத் திறந்துவிட்டு, கனமான பையை முன்னால் மாற்றினேன். அடுத்த ஊர்வரை மெதுவாகப் போக அது போதும்.

புதுக் கம்பி கோக்க, பின்சக்கரத்தின் வலப்பக்கம் உள்ள கேசட்டை (கியர் பல்சக்கர அடுக்கு) கழற்றியாக வேண்டும். கேசட் கழற்றும் டூல் இருந்தாலும் அதைத் திருப்ப நீளமான ஸ்பேனர் வேண்டும். லாரி பட்டறையில் கேளுங்கள். அங்கிருந்த அண்ணன் பழைய சைக்கிள் செயின் துண்டைக் கேசட்டின் பல்லில் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்பேனரை அழுத்தினேன், கழன்றது. கோட்டம் எடுத்து முடிக்கும்வரை வண்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். காசு வாங்கவே இல்லை.

வலப்பக்கக் கம்பி இடப்பக்கத்தைவிட ஓரிரு மி.மீ. குட்டை. அந்த அளவில் 3 கம்பிகளைச் சட்டத்தில் டேப் சுற்றி எடுத்துப்போங்கள். வழிக் கடைகளில் அளவு கிடைப்பது அரிது.