பாத்தூர் எரிமலையில் சூரிய உதயம்: இருவராக ஏறப் போகிறவர்களுக்கு

எரிமலை ஏறிச் சூரிய உதயம் பார்க்க வேண்டும், மலையேறிப் பழக்கம் அதிகம் இல்லை, கூட ஒரு நண்பரும் வருகிறார் என்றால் நான் சொல்வது பாலித் தீவின் பாத்தூர் மலையைத்தான். உயரம் 1,717 மீட்டர். ஆனால் நடை தொடங்கும் தோயா புங்கா கிராமமே ஆயிரம் மீட்டருக்கு மேலே, ஏரிக்கரையில் இருக்கிறது. காலால் ஏற வேண்டியது ஏறக்குறைய 700 மீட்டர்தான். சாதாரண நடைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பக்கத்துத் தீவில் இருக்கும் ரிஞ்சானி எரிமலையைப் போல மலையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டியதில்லை.

நானும் என் தோழியும் ஏறினோம். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் கிளம்பும் நேரம், வழிகாட்டி, இறங்கும் வேகம் எல்லாவற்றையும் அவள் நடைக்கு ஏற்ப முடிவு செய்தோம். யார் என்னிடம் யோசனை கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: இருவரில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருக்காகத் திட்டம் போடுங்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். பாலியில் ஜூலையில் சூரியன் 6:30 வாக்கில் உதிக்கும், அக்டோபர் நடுவில் 6 மணி வாக்கில். ஆனால் நிறம் அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வரத் தொடங்கிவிடும். என்னைக் கேட்டால் அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் ஏறுகிறோம். அப்படியானால் ஜூலையில் 5:40க்கு உச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மெதுவாக நடப்பவருக்கு இரண்டரை மணி நேரம் கொடுங்கள். 3:10க்குக் கால் பாதையில் இருக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் 4 மணியை ஒட்டித்தான் கிளம்புகின்றன. முந்திக் கிளம்ப வேண்டுமானால் வழிகாட்டியிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். முன்னே போய்விட்டால் பின்னாலிருந்து அவசரப்படுத்த யாரும் இருக்க மாட்டார்கள் என்பது கூடுதல் லாபம்.

உபூத் நகரிலோ கடற்கரையிலோ தங்கினால் நள்ளிரவுக்குப் பின் வண்டியில் ஏறி, தூக்கமே இல்லாமல் மலையடிவாரத்துக்கு வர வேண்டியிருக்கும். முதல் நாள் மாலையே தோயா புங்காவுக்கு வந்துவிடுங்கள். எட்டு மணிக்குப் படுத்தால் ஆறு மணி நேரமாவது தூங்கலாம்.

மாதம் எது? ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. அதில் எனக்குப் பிடித்தது அக்டோபர். நடு அக்டோபரில் சூரியன் ஏறக்குறைய ரிஞ்சானி இருக்கும் திசையில் எழும். ஜூன், ஜூலையில் அது நன்றாக வடக்கே தள்ளிப் போய்விடும். மார்ச்சில் போகிறவர்கள் பாலி இந்துக்களின் மௌன நாளான நியேபி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று தீவு முழுவதும் யாரும் வெளியே வரக் கூடாது, வெளிநாட்டவருக்கும் அதே விதிதான்.

இது உயிருள்ள எரிமலை. கடைசியாக 2000இல் சீறியது. 1926இல் வந்த எரிமலைக் குழம்பு பாத்தூர் கிராமத்தையே மூடிவிட்டது. ஏரித் தெய்வமான தேவி தானுவின் கோயிலை அதன் பிறகுதான் மேலே, கால்டெராவின் (மலையைச் சுற்றியுள்ள பெரிய எரிமலைப் பள்ளம்) விளிம்பில் கட்டினார்கள். இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நான்கு எச்சரிக்கை நிலைகள் உண்டு, கீழிருந்து மேலாக: நோர்மால், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். மாக்மா இந்தோனேசியா என்ற அரசுத் தளத்தில் எந்த மலை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். பயணத்துக்கு முந்தைய வாரமும் பாருங்கள், ஏறுவதற்கு முதல் நாளும் பாருங்கள். நோர்மால் இல்லையென்றால் நான் ஏற மாட்டேன். 2023 டிசம்பரில் சுமத்ராவின் மாராப்பி வெடித்து, மேலே இருந்தவர்களில் 20 பேருக்கும் மேல் இறந்தபோது, அந்த மலை இரண்டாம் நிலையில்தான் இருந்தது. அடிநிலை என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. ஜப்பானின் ஒன்தாக்கே 2014 செப்டம்பர் 27 அன்று அடிநிலையில் இருந்தபோதே வெடித்தது, 58 பேர் இறந்தார்கள், 5 பேர் கிடைக்கவே இல்லை. அதனால் எந்த எரிமலையானாலும் எரிமலைவாயின் ஓரத்தில் வெறுமனே நேரம் கடத்தாதீர்கள். பார்த்ததும் இறங்குங்கள்.

வழிகாட்டி இல்லாமல் ஏற உள்ளூர் வழிகாட்டிகள் சங்கம் விடுவதில்லை. அதை ஒரு தொல்லையாக நினைக்க வேண்டாம், இருட்டில் பாதை பல இடங்களில் பிரிகிறது. பணம் பேசும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கட்டணம் ஆளுக்கா, குழுவுக்கா? வழிகாட்டி உங்கள் இருவருக்கு மட்டுமா, வேறு ஆட்களும் சேர்வார்களா? தெரியாத எட்டுப் பேரோடு சேர்த்துவிட்டால் உங்கள் நண்பரின் வேகம் எட்டுப் பேரின் பொறுமையைப் பொறுத்ததாகிவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது தனியாக ஒருவரை அமர்த்துங்கள். (வெளிநாட்டுப் பயணிகள் 2024 பிப்ரவரி முதல் பாலிக்குள் வர 1,50,000 ரூபியா வரியும் கட்ட வேண்டும், அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

நண்பரோடு பேச வேண்டியதை அடிவாரத்திலேயே பேசி முடியுங்கள். ஒருவரால் முடியவில்லை என்றால் இருவரும் திரும்ப வேண்டும், ஏனென்றால் ஒரே வழிகாட்டியை இரண்டாகப் பிரிக்க முடியாது. மேலே வைத்துப் பேசினால் முடியாதவர் குற்ற உணர்ச்சியில் முடியும் என்று சொல்லிவிடுவார். என் தோழியும் நானும் அறையிலேயே இதைப் பேசினோம். "நீ போ, நான் இங்கேயே இருக்கேன்" என்ற வாக்கியத்தை இருவரும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தோம்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று, போன் வெளிச்சம் போதாது, கையையும் அடைத்துக்கொள்ளும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். மூடிய ஷூ, நீளமான சாக்ஸ், எரிமலைச் சரளை எப்படியும் உள்ளே புகும். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இறங்கும், காற்றும் சேர்ந்தால் உச்சியில் நன்றாகக் குளிரும். ஏறும்போது வியர்த்த சட்டையோடு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் நடுக்கம் வந்துவிடும். மாற்றுச் சட்டை ஒன்றும், காற்றைத் தடுக்கும் ஜாக்கெட்டும் பையில் இருக்கட்டும். போனதும் முதல் வேலை சட்டை மாற்றுவதுதான்.

ஏறும்போது வழிகாட்டிக்கு அடுத்து மெதுவாக நடப்பவர், கடைசியில் வேகமானவர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வேகமானவர் முன்னே போனால் நின்று நின்று காத்திருப்பார். பின்னால் வருபவர் வந்து சேர்ந்ததும் அவர் கிளம்பிவிடுவார், ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். "முடியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அதற்கு "முடியுது" என்றுதான் பதில் வரும். "எனக்குத் தண்ணி வேணும், நிக்கலாம்" என்று நீங்களே நின்றுவிடுங்கள். முதல் பாதி காட்டுப் பாதை, சுலபம். அப்புறம் கறுத்த பாறையும் சரளையுமாகச் செங்குத்தாகும். அங்கே ஒவ்வொரு அடியிலும் கால் கொஞ்சம் பின்னால் சறுக்கும். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதித்து ஏறுங்கள்.

உச்சிக்கு வந்ததும் டார்ச்சை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 நிமிடமாவது ஆகும், நடுவில் ஒரு முறை போன் திரையைப் பார்த்தால் எல்லாம் முதலிலிருந்து. கிழக்கே ஒரு கோடு வெளுக்கும். தென்கிழக்கில் ஆபாங் மலையும் அதற்குப் பின்னால் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஆகுங்கும் கறுப்பாகத் தெரியத் தொடங்கும். கீழே ஏரி சாம்பல் நிறத்தில் வெளிப்படும். வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால் ரிஞ்சானி. சூரியன் வந்ததும் எல்லோரும் அதையே பார்ப்பார்கள், நீங்கள் ஒரு முறை திரும்பி மேற்கே பாருங்கள். நீங்கள் நிற்கும் மலையின் நிழல் கால்டெராவுக்குள் நீண்டு கிடக்கும், மெல்ல மெல்லச் சுருங்கும்.

பாறை இடுக்குகளில் நீராவி வரும். அதில் முட்டை வேகவைத்துத் தருவார்கள், சாப்பிடுங்கள், ஆனால் கையை உள்ளே விடாதீர்கள். பள்ளமான இடத்தில் உட்காராதீர்கள், எரிமலை வாயுக்களில் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தாழ்வில் தேங்கும். உணவைப் பையில் வைத்து ஜிப்பை மூடுங்கள், குரங்குகள் உண்டு.

இறங்குவதுதான் கடினம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முழங்காலைப் பதம் பார்ப்பது ஏற்றம் அல்ல, இறக்கம். கால் நகங்களை இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஷூ முனையில் இடித்தே வலிக்கும். இறங்கும் முன் லேஸை கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். ஊன்றி நடக்கும் கம்பு ஒரு ஜோடி இருந்தால் இரண்டையும் வலிக்கிற கால்காரருக்கே கொடுங்கள். சரளையில் குதிகாலை ஊன்றி, முழங்காலை லேசாக மடித்து, வளைந்து வளைந்து இறங்குங்கள். ஒருவருக்கு நேர் கீழே மற்றவர் நிற்கக் கூடாது, கல் உருளும். ஏற ஆன நேரமே இறங்கவும் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு வண்டி, மதியம் விமானம் என்றெல்லாம் அன்றைக்கு எதுவும் வைக்காதீர்கள்.

தோயா புங்காவில் ஏரியை ஒட்டி வெந்நீர் ஊற்றுக் குளங்கள் இருக்கின்றன. முழங்கால் வீங்கியிருந்தால் அன்று வெந்நீர் வேண்டாம், ஐஸ் வையுங்கள். வெறும் தசை வலி என்றால் அரை மணி நேரம் ஊறிவிட்டு, சாப்பிட்டுத் தூங்குங்கள். என் தோழி அன்று மாலை வரை எழவில்லை.