ஒரே பெயரில் இரண்டு கார்: காப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் ஒருவர் தன் பெயரில் எத்தனை கார்களை வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். அத்தனைக்கும் காப்பீடு எடுக்கலாம். சட்டத்தில் தடை எதுவும் கிடையாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பாலிசி என்ற பெயரில் நம் கைக்கு வரும் தாள்களில் சில பாதுகாப்புகள் காரைச் சேர்ந்தவை, சில ஆளைச் சேர்ந்தவை. வீட்டில் ஒரே கார் நிற்கும்வரை இந்த வேறுபாடு யாருக்கும் உறைப்பதில்லை. இரண்டாவது கார் வந்தபிறகு செய்யப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன.

முதலில் நோ கிளெய்ம் போனஸ். இழப்பீடு கேட்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். மொத்தப் பிரீமியத்தில் அல்ல, நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில் மட்டும்தான் இது கழிக்கப்படும். போனஸ் காரைச் சேர்ந்ததல்ல, பாலிசிதாரரைச் சேர்ந்தது. காரை விற்றால் வாங்கியவருக்குப் போகாது; நம்மிடமே தங்கும். இதுவரை பலருக்கும் தெரியும். "ஆளுக்குரியது என்றால் என்னுடைய இரண்டு கார்களுக்கும் அது பொருந்த வேண்டுமே" என்று அடுத்த அடி வைக்கும்போதுதான் சறுக்குகிறார்கள். பொருந்தாது. ஈட்டிய போனஸை ஒரு நேரத்தில் ஒரு காரில்தான் பயன்படுத்த முடியும். பழைய காரை வைத்துக்கொண்டே இன்னொன்று வாங்கினால், புதியதன் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

ஷோரூமில் பாலிசி போடும் மேசையில் நடப்பது வேறு. "உங்களுக்குத்தான் 50 சதவீதம் இருக்கிறதே சார், போட்டுவிடலாம்" என்று சிரித்துக்கொண்டே ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிடுவார்கள். பழைய கார் இன்னும் உங்கள் பெயரில், அதே போனஸோடு ஓடிக்கொண்டிருக்கும். பிரீமியம் குறைந்ததில் உங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த விண்ணப்பத்தில் போனஸ் பற்றி நீங்கள் தரும் உறுதிமொழி பொய்யென்று தெரிந்தால், சொந்தக் காரின் சேதத்துக்கான உரிமை முழுவதும் பறிபோகும் என்பது நிபந்தனை. பத்தாயிரம் ரூபாய் தள்ளுபடிக்காகப் பத்து லட்சம் ரூபாய் காரைப் பணயம் வைப்பதாகத்தான் இது முடியும். பிரீமியம் வாங்கும்போது யாரும் தோண்டித் துருவிப் பார்ப்பதில்லை. இழப்பீடு கேட்கும்போது கட்டாயம் பார்ப்பார்கள்.

பழைய காரை எப்படியும் ஓரிரு மாதங்களில் விற்கப்போகிறீர்கள் என்றால், முதலில் அதை விற்றுவிட்டுப் புதியதை வாங்குவதே மேல். விற்றதற்கான சான்றைக் காட்டிப் பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் போனஸ் ஒதுக்கீட்டுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகள் வரை அது செல்லும். புதிய காரின் சேதப் பிரீமியம் 20,000 ரூபாய் என்றால் 50 சதவீதத்தில் மிச்சம் 10,000. பத்து வயதுக் காரின் பிரீமியம் 4,000 என்றால் மிச்சம் வெறும் 2,000. பெரிய போனஸைச் சின்ன பிரீமியத்தில் கரைத்துக்கொண்டிருப்பது வீண். காரில் ஈட்டிய போனஸ் காருக்குத்தான் மாறும், இருசக்கர வாகனத்துக்கு மாறாது. விற்காமல் வைத்திருக்கும் காரின் பாலிசி காலாவதியாகி, புதுப்பிக்காமல் 90 நாட்கள் தாண்டினால் போனஸ் முற்றாகப் போய்விடும்.

வேறொரு வீண் பயமும் உண்டு. ஒரு காருக்கு இழப்பீடு வாங்கினால் மற்றதன் போனஸும் போய்விடும் என்று நினைத்து, நியாயமான செலவைக் கைப்பணத்தில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். தனித்தனிப் பாலிசிகள் என்றால் அப்படி நடக்காது. எந்தக் காருக்கு இழப்பீடு வாங்குகிறோமோ, அந்தக் காரின் போனஸை மட்டும்தான் இழப்போம்.

15 லட்சம் யாருக்கு?

அதிகம் பேசப்படாத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் இது. உரிமையாளரே வண்டி ஓட்டும்போது விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் அடைந்தாலோ கிடைக்கும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டை 2018-இல் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். இது முழுக்க ஆளைச் சேர்ந்தது. எனவே இரண்டு கார் வைத்திருப்பவர் இரண்டு முறை இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாத தனிநபர் விபத்து பாலிசி இருந்தாலும் மீண்டும் எடுக்க வேண்டாம் என்று 2019 ஜனவரி முதல் விதி தளர்த்தப்பட்டது. இருந்தும் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அது தானாகவே சேர்ந்து வந்து நிற்கும். கவனித்து நீக்கச் சொல்ல வேண்டியது நம் வேலை.

நீக்கும்முன் ஒரு வரியைப் படித்துவிடுங்கள். கார் பாலிசியோடு ஒட்டி வரும் இந்தப் பாதுகாப்பின் வழக்கமான வாசகம், "காப்பீடு செய்யப்பட்ட வாகனத்தை" ஓட்டும்போதோ அதில் ஏறி இறங்கும்போதோ நேரும் விபத்து என்றுதான் பேசுகிறது. பழைய காரின் பாலிசியில் இதை வைத்துக்கொண்டு புதிய காரின் பாலிசியில் நீக்கிவிட்டால், புதிய காரில் போகும்போது நேரும் விபத்துக்கு நிறுவனம் தகராறு செய்ய இடமிருக்கிறது. அதனால், ஒன்றுக்கு மேற்பட்ட கார் உள்ளவர்களுக்கு எந்த வண்டியோடும் ஒட்டாத தனி விபத்து பாலிசியே சிறந்தது என்பது என் கருத்து. பேருந்தில் போகும்போதும் நடந்து போகும்போதும்கூட அது துணைக்கு வரும்.

அடுத்தது இன்னும் கசப்பானது. கணவர் பெயரில் இரண்டு கார். இரண்டாவதை எப்போதும் ஓட்டுவது மனைவி. அவர் ஓட்டும்போது தூக்கம் கலைந்தும் கலையாமலும் ஒரு மரத்தில் மோதி உயிரிழந்தால், உரிமையாளருக்கான 15 லட்சம் கிடைக்காது. ஏனென்றால் அவர் உரிமையாளர் அல்லர். நம் காரால் பாதிக்கப்படும் வெளியாருக்கான மூன்றாம் தரப்பு இழப்பீடும் வராது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவரை மூன்றாம் நபராகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மற்றொரு வாகனத்தின் மீது தவறு இருந்தால் அதன் காப்பீட்டிலிருந்து கேட்கலாம். தன்மீதே தவறு என்றால் வழியில்லை. ஆகவே அந்தக் காரை ஓட்டப்போகிறவர் யாரோ அவர் பெயரிலேயே பதிவு செய்வது உத்தமம். முடியாவிட்டால் அவருக்கென்று ஒரு விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள். காரின் இருக்கை உறைக்குச் செலவாகும் பணம்கூட அதற்கு ஆகாது. அப்பாவின் பெயரில் கார் வாங்கிப் பிள்ளைகள் ஓட்டும் வீடுகளுக்கும் இதே கதைதான். அதிலும் அப்பாவின் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தால், அந்த 15 லட்சத்துக்கான பிரீமியம் கட்டியும் பயனில்லை. செல்லுபடியாகும் உரிமம் அதன் அடிப்படை நிபந்தனை.

ஓடாத காரும் மூன்று ஆண்டுக் குழப்பமும்

மூன்றாம் தரப்பு காப்பீடு காரைச் சேர்ந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146-ஆவது பிரிவில், பொது இடத்துக்கு வரும் ஒவ்வொரு வாகனத்துக்கும் அதைக் கட்டாயமாக்குகிறது. "அந்தக் காரை யார் எடுக்கிறார்கள், ஒன்றுக்கு இருந்தால் போதும்" என்று பழைய காரின் பாலிசியை விட்டுவிடுவது தவறு. வீட்டுக்கு வெளியே தெருவோரம் நிற்கும் கார் பொது இடத்தில்தான் நிற்கிறது. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அபராதம் சிறிய தொல்லை. காப்பீடு இல்லாத கார் ஒருவர்மீது மோதினால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை உரிமையாளர் தன் சொத்திலிருந்து கட்ட வேண்டும்.

புதிய காரிலோ வேறு விதமான மறதி. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் தரப்பு காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. அதை வைத்து "மூன்று வருடத்துக்குக் கவலையில்லை" என்று இருந்துவிடுகிறார்கள். கார் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு கார் இருக்கும் வீட்டில் இப்படி மூன்று, நான்கு முடிவுத் தேதிகள் வந்துவிடும். ஏஜென்ட் நினைவூட்டுவார் என்று நம்பாமல், எல்லாத் தேதிகளையும் ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் அன்று நடக்கும் விபத்து உங்கள் செலவு.

2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஒரே உரிமையாளரின் பல வாகனங்களைச் சேர்த்துக் காக்கும் ஃபுளோட்டர் முறைக்கும், ஓடும் தூரத்தைப் பொறுத்துப் பிரீமியம் செலுத்தும் முறைக்கும் அனுமதி அளித்தது. இரண்டுமே சேதப் பகுதிக்கு மட்டும். குறைவாக ஓடும் இரண்டாவது காருக்கு தூரக் கணக்கு நல்ல வழிதான். ஃபுளோட்டர் எடுப்பதாக இருந்தால் ஒரு கார் இழப்பீடு வாங்கினால் மற்றதன் போனஸ் என்னவாகும், காப்பீட்டுத் தொகை எப்படிப் பகிரப்படும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். இரு பாலிசிகளும் ஒரே நிறுவனத்தில் இருந்தாக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. இரண்டாவது காருக்கு வெள்ளை எண் பலகையோடு அவ்வப்போது வாடகைச் சவாரி போகிற பழக்கம் இருந்தால், எந்த முறையும் காப்பாற்றாது.

விற்ற காரை மறந்துவிடுவதும் நடக்கிறது. சாவியையும் காகிதங்களையும் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். பதிவேட்டில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்கு உங்களையே உரிமையாளராகக் கொள்ளலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வாங்கியவர் பாலிசியைப் புதுப்பிக்காமல் ஓட்டினால், சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும்.

எல்லாக் கார்களும் ஒருவர் பெயரிலேயே இருப்பதில் கடைசியாக ஒன்று: அவர் காலமானால் அத்தனை பாலிசிகளும் ஒரே நேரத்தில் கேள்விக்குள்ளாகும். வழக்கமான நிபந்தனைப்படி, இறந்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் அல்லது பாலிசி முடியும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை பாதுகாப்பு நீடிக்கும். அதற்குள் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று ஆகியவற்றோடு நிறுவனத்தை அணுகிப் பெயர் மாற்ற வேண்டும். காரைப் பெறும் மனைவிக்கோ பிள்ளைக்கோ இறந்தவர் ஈட்டிய போனஸும் மாறிவரும். கேட்டு வாங்க வேண்டும்.